பாப்பாவையும் சேர்த்து இருபத்துமூன்று பேர்

இந்த நாட்டில் படகில் ஏறினால் முதலில் தலையை எண்ணுவார்கள். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஓர் ஆள் நம் வரிசைக்கு வந்து, ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராக விரலை நீட்டி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவான். கரை சேர்ந்ததும் மறுபடி ஒரு தடவை. நான் சீஷெல்ஸுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. தீவுக்குத் தீவு பஸ் மாதிரி படகு ஓடும் ஊர் இது, பழகிப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்த விரல் என் பக்கம் திரும்பும்போது இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எங்கள் சின்னமனூர்ப் பக்கம் ஆளை எண்ணமாட்டோம். ஆட்டை எண்ணலாம், வாழைத்தாரை எண்ணலாம். பிள்ளைகளை எண்ணினால் குறைந்துபோகும் என்பார்கள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டால், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்காக, இருக்காக" என்பார். டிக்கெட்டுக்குக் கணக்கு உண்டு, மடியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கிடையாது. எங்கள் அம்மாகூட எங்களை எண்ணமாட்டார். விளக்கு வைத்ததும் வாசலில் நின்று மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான். மூன்று பேர் இரண்டு பேரான பிறகும் சாகும்வரை மூன்று பெயரைத்தான் கூப்பிட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள் யாழினியின் கல்யாணம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பிரசன்னா போடிக்காரர், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். தேனியில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, ஊரைக் கூட்டி, வாசலில் பன்னீர் தெளித்து முடிக்க வேண்டிய காரியம். ஒருநாள் ஃபோன் செய்தாள். "அத்தை, சிம்பிளா பண்ணுவோம். பீச்ல தாலி, அப்புறம் ரெண்டு மூணு தீவு சுத்திட்டு ஹனிமூன். நீங்கதான் அங்கன இருக்கீகளே, எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க" என்றாள். நான் மாஹே என்ற பெரிய தீவில் ஒரு சின்ன ஹோட்டலில் அறைகள் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இரும்புக்கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறார். ஊரிலிருந்து யாராவது வந்தால் அது எங்களுக்குத் திருவிழா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சிம்பிள் என்ற வார்த்தையை யாரும் நம்பாதீர்கள். கல்யாணம் ப்ராலின் தீவில், கடற்கரையை ஒட்டிய விடுதியில். மறுநாள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் லா டீக் என்ற தீவில் ஒரு வில்லாவில் கொண்டுபோய் விடுவது. பிறகு அவர்கள் இருவரும் மட்டும் இன்னொரு குட்டித் தீவுக்குப் போவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் ஓமகுண்டம் வைக்க யாரிடம் அனுமதி வாங்குவது? குலை தள்ளிய வாழைமரம் இரண்டு வேண்டும் என்றால் இந்த ஊர்க்காரர்கள், "பழம் வேண்டுமா, மரம் வேண்டுமா, தெளிவாகச் சொல்லுங்கள்" என்கிறார்கள். ப்ராலினில் விளையும் இரட்டைத் தேங்காயைப் படத்தில் பார்த்துவிட்டு என் மதினி, "அடியாத்தி, இதையா கும்பத்துக்கு வைக்கச் சொல்றீக? சபையில வைக்கிற மாதிரியா இருக்கு!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இடுப்பு மாதிரி இருக்கும் அந்தக் காய். சாதாரணத் தேங்காய்தான் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு அண்ணன் என்னைத் தனியாக ஃபோனில் கூப்பிட்டார். அவர் திராட்சைத் தோட்டக்காரர். கொத்துக்கு மருந்தடிக்கிற நாளில் பெற்ற மகள் பேசினாலும் ஃபோனை எடுக்கமாட்டார். அன்றைக்கு அப்படி ஒரு நாள். "கடலுக்கு நடுவுல போய்க் கல்யாணம் வைக்கிறியே ஆத்தா, நம்ம பாப்பாவ எப்படிக் கூட்டிட்டு வாறது?" என்றார். பாப்பா என்று அவர் சொன்னது யாழினியை அல்ல. எங்கள் கடைசித் தங்கை தனத்தை. பதினோரு வயதில் இறந்துபோனவள்.

லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் எங்கள் ஊர் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவோம். முதலில் சருகும் நுரையும் வரும், பின்னால் தண்ணீர் வரும். அந்த வருடம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவள் போனாள், வழுக்கிவிட்டது. இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளையை எங்கள் வீடுகளில் கன்னி என்று வைத்துக் கும்பிடுவோம் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி உண்டு. அதில் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சீப்பு, கண்ணாடி. வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவளுக்குத்தான் முதல் துணி. தாலி கட்டும் இடத்துக்குப் பெட்டி போகும். முதல்நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு இலை போட்டு, பூக்கட்டிக் கேட்போம். வெள்ளைப்பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டபிறகு கன்னியை மறுபடியும் கூப்பிட்டு, "வாத்தா, சின்னமனூருக்குப் போவோம், நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று ஊரையும் வீட்டையும் வாய்விட்டுச் சொல்லித்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். சொல்லாமல் தூக்கினால் வெறும் பெட்டிதான் வீடு வந்து சேரும்.

"தண்ணியில போனவள தண்ணிக்கு மேல கூட்டியாரச் சொல்றியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்றார் அண்ணன். "அவ தண்ணியப் பாத்துப் பயந்தவ இல்லண்ணே. நீதான் பயப்படுற" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. பிறகு, "சரி, கொண்டாறேன்" என்றார். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

தெரியட்டும், இப்போது எழுதிவிடுகிறேன். தனம் என் கைக்குள்தான் படுப்பாள். என் பாவாடையைச் சுருக்கித் தைத்துத்தான் அவள் போட்டுக்கொள்வாள். அவள் பெட்டி அண்ணன் வீட்டில் இருக்கிறது, அண்ணனுக்குப் பின் அவர் பிள்ளைகளிடம் போகும். நான் இங்கே வரும்போது கேட்டேன். முழுப் பெட்டியை இல்லை, ஒரே ஒரு பாவாடையை. "பொட்டப்புள்ளைக்குப் பெட்டியில பங்கு கிடையாது ஆத்தா. நீ வேற வீட்டுச் சாமி கும்புடுறவ. கடலைத் தாண்டி வேற போற" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் விமானம் ஏறினேன். கட்டிக்கொடுத்ததால் அந்த வீடு போயிற்று, கடல் தாண்டியதால் அந்த ஊரும் போயிற்று. கூடப்பிறந்தவளுமா போக வேண்டும்? இந்தக் கல்யாணத்துக்கு நான் ஓடி ஓடி வேலை செய்தது மருமகள் மேலுள்ள பாசத்தால் மட்டுமில்லை. எப்படியாவது தனம் என் பக்கம் வந்து சேரட்டும், வந்தவளை இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்ற ஆசை எனக்குள் இருந்தது.

வருகிறவர்கள் எத்தனை பேர் என்று படகுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மதினி இரு வீட்டாரையும் பெயர் பெயராகச் சொல்லி, எங்கள் இருவரையும் கணக்கில் ஏற்றி, "பாப்பாவையும் சேத்து இருபத்திமூணு" என்று முடித்தார். நானும் இருபத்துமூன்று என்றே பதிவு செய்தேன், ஒரு சிறுமி உட்பட. விடுதிக்கும் அதையே அனுப்பினேன். தினமும் இதே வேலையில் இருப்பவள் நான். உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு இலை போடாமல் பந்தி தொடங்கியதில்லை. கை தன்னால் எழுதிவிட்டது. வேறு எந்த ஊர்க்காரிக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது.

மாஹே துறையில் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் மடியில் துணிப்பை, பைக்குள் பெட்டி. எங்களுக்கென்று பேசிவைத்த படகு அது. அந்த்வான் என்ற படகோட்டி விரலை நீட்டிக்கொண்டு வந்தான். ஒருவர் குறைகிறார் என்று அவன் சொல்லப்போகிறான், என்ன சமாதானம் சொல்வது என்று நான் வாயில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவன் எண்ணி முடித்து, கையிலிருந்த கைபேசியைப் பார்த்து, "இருபத்துமூன்று, சரி" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். நான் எண்ணினேன். எண்ணக்கூடாதுதான். இருபத்திரண்டு பேர். திரும்ப எண்ணினேன், இருபத்திரண்டுதான். ஏதோ ஒரு தலையை இரண்டு தடவை எண்ணியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அண்ணனிடம் மூச்சுக் காட்டவில்லை. கடலைப் பார்த்துப் பயந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் அவர்.

ப்ராலின் விடுதியை நடத்துகிறவர் ரோஸ்லின் என்ற அம்மாள். இந்தத் தீவிலேயே பிறந்தவர், அறுபது வயது இருக்கும். எங்களுக்குள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி இந்த ஊர் க்ரியோல் மொழி. எங்கள் அறை ஒன்றில் ஜன்னலோரம் சின்னக் கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, தலையணைமேல் ஒரு பூவும் வைத்திருந்தார். "சிறுமி எங்கே? தூங்கிவிட்டாளா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் முப்பத்தைந்து வருடம் முன்பே போய்விட்டாள், கல்யாணத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, பதறவுமில்லை. "கல்யாணம் முடிந்தால் உங்களோடு திரும்பிவிடுவாளா?" என்று மட்டும் கேட்டார். திரும்புவாள் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் என் முகத்தையே பார்த்தார்.

மத்தியானம் பார்த்தால் பெட்டி வைத்திருந்த அறையின் வாசற்படி நெடுக உப்பு. கல்லுப்பு, விரல் தடிமனுக்கு ஒரே கோடாக. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா ஆத்தா, வேத்து நாட்டுக்காரவுக. நம்ம புது வீட்டுக்குப் போனா மொதல்ல உப்பக் கொண்டு போவோம்ல, அது மாதிரி வச்சிருக்காக. மரியாதை தெரிஞ்ச மனுசி" என்று காலில் படாமல் அதைத் தாண்டி உள்ளே போனார். எனக்கென்னவோ உறுத்தியது. அடுப்படிக்குப் போய் ரோஸ்லினிடம் கேட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு. அதைத் தாண்டி எதுவும் உள்ளே வராது" என்றார். எங்கள் ஊரில் லட்சுமியை உள்ளே அழைக்கும் உப்பு இந்த ஊரில் செத்தவர்களை வெளியே நிறுத்தும் உப்பு. இரண்டும் தெரிந்தவள் அந்த விடுதியில் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து புதுப் பாவாடை சட்டையை வைத்தார்கள். நல்ல பச்சை, மாம்பழ நிறக் கரை. தனத்துக்குப் பச்சை என்றால் உயிர். இலை போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்து, அண்ணன் கூப்பிட்டார். தோட்டத்தில் பறித்த நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்துக் குலுக்கிப் போட்டார்கள். மதினி கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு. இரண்டாவது தடவையும் சிவப்பு. "கேட்டாச்சு. மாட்டேங்குறா" என்றார் அண்ணன். "நாளைக்குத் தாலி கட்டக்கூடாது. ஊருல போய்ப் பாப்போம்." யாழினி அழ ஆரம்பித்தாள். "அப்பா, எல்லாரும் கடலைத் தாண்டி வந்து உக்காந்திருக்காகப்பா. அவுக வீட்டு ஆளுகளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். அண்ணன் அசையவில்லை. அவர் குணம் எனக்குத் தெரியும். மகளின் கண்ணீருக்கு இளகுவார், கன்னி சொன்ன சொல்லுக்கு மேல் போகமாட்டார்.

தனம் மாட்டேன் என்று சொல்லவில்லை, அவள் வெளியே நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. கேட்டால் சிரிப்பீர்கள். அந்த நேரத்தில் அந்த அறையில் இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டீர்கள். "இன்னொரு தரம் கேப்போம்ணே, நான் தண்ணி கொண்டாறேன்" என்று சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து உப்பைக் கையால் வழித்தேன். மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். காலையில் தேங்காய் துருவியபோது பட்ட கீறலில் உப்பு ஏறி உள்ளங்கை தீயாய் எரிந்தது. "வா தனம்" என்றேன். சத்தமாக இல்லை. நான் உள்ளே வந்ததும் மதினி எடுத்தார். வெள்ளை. யாழினி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், யாரோ குலவையிட்டார்கள். நான் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். இருபது சோடிச் செருப்பும் முன்பு ஒரே குவியலாகக் கிடந்தன. இப்போது இரண்டு பக்கமாக ஒதுங்கி, நடுவில் ஒரு சின்ன ஆள் நடக்கிற அளவு வழி விட்டிருந்தன. நான் உட்காரும்போது காலால் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. காற்றில் ஓமப்புகை ஐயர் கண்ணுக்குள்ளேயே போய் அவர் மந்திரத்தோடு அழுதுகொண்டிருந்தார் என்பது தவிர ஒரு குறையும் இல்லை. மறுநாள் கிளம்பும்போது ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழுவிவிட்டீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். "சரி. உங்களோடு வந்தவளை உங்களோடு கொண்டுபோங்கள். எங்களுக்கு எங்கள் பிள்ளைகளே நிறையப் பேர் இருக்கிறார்கள்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் மனதில் இருந்ததைப் படித்த மாதிரி இருந்தது, எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹனிமூனுக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான் போவார்கள் என்பது உலக வழக்கம். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் படகேறினார்கள். பெண்ணைப் போகிற வீட்டில் கொண்டுபோய் விடாமல் எப்படித் திரும்புவது? லா டீக்கில் அந்த வில்லாவுக்குள் மதினி குத்துவிளக்கு ஏற்றி, பால் காய்ச்சி, அடுப்படி அலமாரியைத் திறந்து பார்த்து, "உப்பு புளி ஒண்ணும் இல்லையே, இதுக எப்படிப் பொழைக்கும்" என்று விசனப்பட்டார். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மணமக்கள் யார் என்று என்னைத் தனியாகக் கேட்டாள். அண்ணன் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை, அதனால் ஊரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தூக்கும் நினைப்பும் யாருக்கும் வரவில்லை. பொழுது சாயத் தொடங்கியதும் யாழினியையும் பிரசன்னாவையும் விட்டுவிட்டுத் துறைக்கு வந்தோம்.

அந்த்வான் எண்ணினான். இந்தத் தடவை கட்டைவிரல் உயரவில்லை. மறுபடி எண்ணினான். "என் இ மான்கே" என்றான். ஒருத்தர் குறைகிறார். "இரண்டு பேர் இறங்கியாயிற்று. இருபத்தொன்று இருக்க வேண்டும், இருபதுதான் இருக்கிறது." நான் தவறாகப் பதிவு செய்துவிட்டேன், எல்லோரும் இருக்கிறோம், போகலாம் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வரும்போது நானே எண்ணினேன், அம்மா. இரண்டு தடவையும். சிறுமி ஒருத்தி இருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு நான் படகை எடுக்கமாட்டேன்." சங்கை எடுத்து ஊதினான். துறையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் ஒருவர் ஓடிவந்து, என்ன உடை போட்டிருந்தாள் என்று கேட்டார். அண்ணனுக்கு டிரஸ் என்ற ஒரு சொல் புரிந்துவிட்டது. "கிரீன்" என்றார். "கிரீன் பாவாடை." அவ்வளவுதான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஆளாளுக்குப் பாறைகளுக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறார்கள். பச்சை உடை, சின்னப் பெண் என்று ஒருவர் சொல்லி ஒருவர் சொல்லிக் கடற்கரை முழுக்கப் பரவுகிறது. சைக்கிளில் வந்த ஒருவன், தென்னந்தோப்புப் பக்கம் பச்சையாக ஒரு பிள்ளை தனியாக நடந்து போனதைப் பார்த்தேன் என்றான். மதினி அப்படியே படகின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் எழுந்து துறைமேல் ஏறினார். அறுபதை நெருங்கும் மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோப்பைப் பார்த்துக் கூப்பிட்டார். "பாப்பா, வாத்தா! சின்னமனூருக்குப் போவோம். நம்ம வீட்டுக்குப் போவோம். வாத்தா!" குரல் உடைந்துபோயிற்று. சுற்றி நின்ற அந்நியர்களுக்கு அவர் தகப்பனாகத் தெரிந்திருப்பார், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரும்பி அந்த்வானைப் பார்த்தார். அவன் எங்களை எண்ணிவிட்டு இல்லை என்று தலையை அசைத்தான். அப்போது அண்ணன் என்னிடம் வந்தார். "நீ கூப்புடு ஆத்தா. ஒங் கையிலதான படுத்துக்கும். நீ கூப்புட்டா வந்துரும்."

நான் நின்றேன். கூப்பிட்டால் அவள் சின்னமனூருக்குப் போய்விடுவாள், எனக்கு இனி இல்லை. கூப்பிடாவிட்டால் ஆள் தெரியாத இந்தத் தீவில் இருட்டுகிற நேரத்தில் தனியாக நிற்பாள். பச்சைப் பிள்ளை. எனக்கு அண்ணன்மேல் கோபம், அவள்மேல் கோபம், பொங்கிப் பொங்கி வருகிறது அழுகை. தோப்பு ஏற்கெனவே இருண்டிருந்தது. "தனம்!" என்று கத்தினேன். "வாடி. போவோம்." எங்கே என்று சொல்லவில்லை. சின்னமனூர் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. மாஹே என்ற பெயரும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டேன். அந்த்வான் எங்கள் பக்கம் விரலை நீட்டினான். மெதுவாக, ஒவ்வொரு முகமாக. கடைசியில் என் பக்கம் வந்தபோது விரல் என் நெற்றிக்கு நேராக நின்றது, பிறகு கொஞ்சம் கீழே, என் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. "சரி" என்றான். கயிற்றை அவிழ்த்தான். துறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

படகில் அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்தார். "ஊரச் சொல்லிக் கூப்புட்டியா?" என்றார். "கூப்புட்டேன்லண்ணே" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து எல்லோரும் விமானம் ஏறிப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து அடுக்களையில் ஓரமாக இடம் ஒதுக்கித் துடைத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்தார், எதற்கு என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனிடமிருந்து ஃபோன். ஊர் திரும்பியபிறகு அவர் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. திராட்சை விலை, மழை, யாழினி அனுப்பிய படங்கள் என்று எதையெதையோ பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெட்டிய வச்சு எல போட்டுப் பூக்கட்டிக் கேட்டேன் ஆத்தா, வந்துட்டியான்னு. செவப்பு. மூணு தரமும் செவப்புத்தான்" என்றார். அவரே தொடர்ந்தார். "கோவிச்சுக்கலத்தா. ஒங்கிட்ட இருந்தா இருக்கட்டும். நல்லாருக்கட்டும். அங்கனதான இருக்கா?" என்று கேட்டார். நான் வாழ்நாளெல்லாம் அவர் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட சொல் அது. அன்று காலையில்தான் நானும் ஓர் இலைத்துண்டு போட்டு, பூவை மடித்து, என் கையாலேயே எடுத்துப் பார்த்திருந்தேன்.

"இங்கனயும் இல்லண்ணே" என்றேன்.

எந்த ஊர் என்று சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் விளக்கு வைத்துவிட்டார்கள், மதினி மணியடிப்பது கேட்டது. இந்தப் பக்கம் இன்னும் வெயில் இருந்தது, பொழுது சாய ஒன்றரை மணி நேரம் கிடந்தது. அவர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவைக்கும் சத்தம் கேட்டது. நானும் எழுந்து போய் என் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தேன்.